நாய்க்கு இறுக்கச் சட்டை: வடசென்னைப் புழுக்கத்தில் வாங்கிப் போடலாமா?

ஆடி பிறந்தால் கூழ் ஊற்றும் தெருவெல்லாம் கூம்பு ஒலிபெருக்கி. ஐப்பசியில் தீபாவளி. நடுவில் நாள் நேரம் பார்க்காமல் வரும் சாவு ஊர்வலம், அதன் முன்னால் பறை, சரவெடி. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் சத்தத்துக்கு நடுங்கும் நாயை வளர்ப்பவர் இணையக் கடையில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'ஆங்ஸைட்டி வெஸ்ட்' என்கிற இறுக்கச் சட்டை. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் பல பெயர்களில் விற்கிறார்கள். பெயர்தான் வேறு, சரக்கு பெரும்பாலும் ஒன்றே. அதனால் இந்த மதிப்புரை அந்த ரகம் முழுவதற்கும் பொருந்தும்.

பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த, இழுத்தால் நீளும் துணி. முதுகில் ஒரு விரிப்பு, கழுத்துக்கு ஒரு பட்டி, நெஞ்சைச் சுற்ற இரண்டு மடல். குட்டை மடலை முதலில் சுற்றி, நீள மடலை அதன்மேல் இழுத்து வெல்க்ரோவில் ஒட்ட வேண்டும். உடம்பில் சீரான அழுத்தம் இருந்தால் பதற்றம் தணியும் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவில், பின்னாளில் கால்நடை அறிஞராகப் பெயர் வாங்கிய டெம்பிள் கிராண்டின், ஊசி போட மாட்டை அசையாமல் பிடிக்கும் அழுத்துக் கூண்டுக்குள் மாடுகள் அடங்கி நிற்பதைப் பார்த்து 1960-களில் தனக்கென ஓர் அழுத்து இயந்திரம் செய்துகொண்டார். அதே யோசனைதான் நாய்க்கும் வந்தது. நாய்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. சிலவற்றில் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கியது, சிலவற்றில் சொல்லும்படி வித்தியாசமில்லை. 'பத்தே நிமிடத்தில் பயம் போகும்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதை விளம்பரமாக மட்டும் படியுங்கள்.

அளவில்தான் முதல் தகராறு. எடையை வைத்து அளவு சொல்லும் அட்டவணையை நம்ப வேண்டாம். அது லாப்ரடார் மாதிரி உருண்டு திரண்ட உடம்புக்குப் போட்ட கணக்கு. 15 முதல் 18 கிலோ இருக்கும் நம் நாட்டு நாய்க்கு நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டி உள்ளே போயிருக்கும். எடைப்படி எடுத்த சட்டை நெஞ்சில் பிடித்து, இடுப்பில் தொளதொளத்து, நாலு அடி நடந்ததும் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். தையல் டேப்பால் முன்னங்கால் இடுக்குக்குப் பின்னால் நெஞ்சின் மிக அகலமான இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சிறியதையே எடுங்கள், தொளதொளப்பில் அழுத்தம் கிடைக்காது. மாட்டிய பிறகு துணிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று விரல் தாராளமாகப் போனால் அது வெறும் உடுப்பு. ஒரு விரலே திணறினால் மூச்சு விரியாது. கடுவன் நாயாக இருந்தால் கீழ் மடல் சிறுநீர் போகும் இடத்திலிருந்து நாலு விரல் முன்னாலேயே முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் நனையும். நாற்றம் ஒரு பக்கம், தோல் புண் இன்னொரு பக்கம்.

இந்தச் சட்டையின் பெரிய குறை வெல்க்ரோ. சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கென்று செய்த பொருளில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில் 'பர்ர்ர்' என்று கிழியும் ஒட்டுப்பட்டியை வைத்திருக்கிறார்கள்! யோசித்தவர் நாய் வளர்த்தவரில்லை. ஒருமுறை அந்தச் சத்தத்தில் துள்ளிய நாய் அடுத்த முறை சட்டையைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே சட்டையைப் போட்டுப் பார்க்கும் முன்பே வெல்க்ரோவைப் பழக்குங்கள். நாயை ஒரு அறையில் விட்டு, அடுத்த அறையில் ஒட்டுப்பட்டியை ஓர் அங்குலம் மட்டும் பிரியுங்கள். பிரித்த நொடியில், வீட்டில் இன்னொருவர் நாய்க்கு விரல்நுனி அளவு வேகவைத்த கோழித் துண்டு கொடுக்க வேண்டும். சத்தம் முதலில், தீனி அடுத்து. இந்த வரிசை மாறினால் தீனியே அபாய அறிவிப்பாகிவிடும். காது திரும்பி, கோழிக்காக ஆளைப் பார்க்க ஆரம்பித்த பிறகே கிட்டே வாருங்கள். கழற்றும்போது ஒரு கையால் பட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மெதுவாக உருட்டிப் பிரித்தால் சத்தம் பாதியாகும்.

சட்டையைப் பழக்க குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள், வெடி இல்லாத வாரமாக. தரையில் விரித்து அதன்மேல் தீனியைத் தூவுங்கள். பிறகு முதுகில் ஐந்து நொடி சும்மா போட்டு எடுங்கள். அப்புறம் மடலைச் சுற்றுங்கள், ஒட்ட வேண்டாம். அதன் பிறகு தளர்வாக ஒட்டி ஒரு நிமிடம். கடைசியில்தான் இறுக்கம், ஐந்து நிமிடம், சோறு வைக்கும் நேரத்தில். நாய் உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் முந்தைய படிக்குத் திரும்புங்கள். எந்தத் தீனியையும் தொடவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், விடுங்கள். பழகிய பிறகும் வெடி நாளில் மட்டும் போடக் கூடாது. சாதாரண மாலையிலும் அவ்வப்போது போட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் சட்டை வந்தால் வெடி வரும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும்.

பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். சட்டை போட்டதும் நாய் சிலை மாதிரி நிற்கும். வீட்டார் 'அடங்கிட்டான்' என்பார்கள். பாதி நேரம் அது அமைதி இல்லை, உறைந்து போன நிலை. தீனியைத் தரையில் போடுங்கள். தலையைத் திருப்பி எடுத்துத் தின்று, படுத்து, பக்கம் மாறினால் அமைதி. வால் ஒட்டி, கண் இமைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால் உடனே கழற்றுங்கள்.

இனி வெயில். மேலை நாட்டில் வடிவமைத்த உடுப்பு இது. நாய் முக்கியமாக மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். திருவொற்றியூர், ராயபுரம் மாதிரிக் கடலோரக் காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் இரைத்தாலும் வாய் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. பயத்தில் ஏற்கெனவே இரைக்கும் நாய்க்கு நெஞ்சைச் சுற்றி இரண்டடுக்குப் பாலியஸ்டரைக் கட்டினால் என்ன ஆகும்? ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலும் சித்திரை, வைகாசிப் பகலில் இதைப் போடவே வேண்டாம். மற்ற நாளில் ஃபேனுக்கு நேரே, அரை மணிக்கு ஒருமுறை மடலுக்குள் கை விட்டுப் பார்த்து, அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். கரண்ட் போனால் சட்டையும் போக வேண்டும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நாக்கு நுனி கரண்டி மாதிரி அகன்று தொங்கினாலோ, ஈறு செங்கல் நிறத்துக்குப் போனாலோ கழற்றி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். 40-ஐத் தாண்டினால் நனைத்தபடியே மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். வீட்டுப் பையனின் பழைய பருத்தி டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, முன்பக்கம் முதுகுக்கு வரும்படி மாட்டி, முன்னங்கால்களைக் கை வழியாக விட்டு, தொங்கும் துணியை இடுப்புக்கு மேல் சேர்த்து ரப்பர் பேண்டால் முடிச்சாகக் கட்டுங்கள். முடிச்சு தண்டுவடத்தின் மேல் உட்காராமல் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். வெல்க்ரோ சத்தமில்லை, பருத்தி என்பதால் சூடும் குறைவு. மெடிக்கலில் கிடைக்கும் 10 செ.மீ. கிரேப் பேண்டேஜும் ஆகும். நடுப்பகுதியை நெஞ்சில் வைத்து, இரு முனையையும் தோளுக்கு மேல் பின்னி, வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னி, முதுகு ஓரத்தில் கட்டுங்கள். இதில் கொஞ்சமும் பலன் தெரியாத நாய்க்கு ஆயிரம் ரூபாய்ச் சட்டையும் பெரிதாக எதுவும் செய்யப் போவதில்லை.

தனியே விட்டுப் போனால் கதவைப் பிராண்டி, ஊளையிட்டு, வாயில் ரத்தம் வரக் கடிக்கும் நாய்க்கு இது உதவாது. ஆள் இல்லாத வீட்டில் இதைப் போட்டுவிட்டுப் போகவே கூடாது. மடல் ஜன்னல் கம்பியில் மாட்டும், கடித்த துண்டு குடலில் அடைக்கும், சூடு ஏறினால் கழற்ற ஆளிருக்காது. பிரிவுப் பதற்றத்துக்கான வழியே வேறு. நொடிக் கணக்கில் கிளம்பி, பதறும் முன்பே திரும்பி வரும் பயிற்சியும், கூடவே மருத்துவர் தரும் மருந்தும். குளோமிப்ரமின், ஃபுளூவாக்ஸடின் மாதிரி மருந்துகள் முழுப் பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

வெடிப் பயம் கடுமையாக இருந்தாலும் சட்டையோடு நிறுத்த வேண்டாம். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் பக்கத்துக்கு எட்டும் தூரம்தான். நடு வயதுக்கு மேல் திடீரென்று இந்தப் பயம் வந்தால் மூட்டு வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், வலியும் சத்தப் பயத்தைக் கூட்டும். வெடிக்கு முன் கொடுக்க டிராசோடோன், கேபாபென்டின் மாதிரி மருந்துகள் உண்டு. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதையும் வெடி இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அசிப்ரோமசினை மட்டும் தனியாகத் தந்தால் ஏன் என்று கேளுங்கள். அது உடம்பை மடக்கிப் போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

தமிழகத்தில் 2018 முதல் தீபாவளி வெடிக்கு காலை 6–7, இரவு 7–8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். நம் தெருக்களில் அதை யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் திட்டம் போட அது உதவும்: மாலை ஐந்து மணிக்குள் நடை, ஆறரைக்குச் சட்டை, கட்டிலுக்கு அடியில் விரிப்பு, டேபிள் ஃபேனும் டிவியும் ஓடட்டும்.

மதிப்பெண் போட்டால், லேசாகவும் நடுத்தரமாகவும் பயப்படும் நாய்க்கு, ஆள் கூடவே இருக்கும் வீட்டில், ஐந்துக்கு மூன்று. கடும் பயத்துக்கு மருந்தோடு சேர்ந்தால் இரண்டு, தனியாக என்றால் ஒன்றுகூட அதிகம். வாங்குபவர்கள் ஆடிக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதம் முன்பே வாங்கி, அளவு சரியென்று தெரியும்வரை சீட்டைக் கிழிக்காமல் வையுங்கள். முடி ஒட்டிய சட்டையைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள், வெந்நீர் பட்டால் லைக்ரா தொய்ந்துவிடும். பட்டியில் சிக்கிய முடியைப் பழைய டூத்பிரஷ் எடுத்துவிடும். ஒவ்வொரு முறை கழற்றியதும் அக்குளில் சிவப்பும் உண்ணியும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.