இருபது சதவீதம், எதன் மேல்? காண்ட்ராக்டர் கணக்கை ஒப்பிடுவது எப்படி

வீடு கட்டவோ மராமத்து செய்யவோ ஆகும் செலவின் மேல், தன் பங்காக ஒரு காண்ட்ராக்டர் 15 சதவீதம் கேட்கிறார், இன்னொருவர் 20. முதல் ஆள் மலிவு என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. சூப்பர்வைசர் சம்பளம், சாரம், தற்காலிக மின் இணைப்பு, குப்பை அள்ளும் வண்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வேலைச் செலவில் சேர்த்து, அதன் மேல் அவர் 15 போடுகிறாராக இருக்கலாம். மற்றவரோ அவற்றை 20-க்குள்ளேயே அடக்கியிருப்பார். பொருளும் கூலியும் 10 லட்சம், சைட் செலவு 1 லட்சம் என்று வையுங்கள். பதினைந்துக்காரர் பில் 12.65 லட்சம். இருபதுக்காரர் பில் 12 லட்சம்.

சைட் செலவு வேறு, ஆபீஸ் செலவு வேறு. ஆபீஸ் வாடகை, கணக்கர் சம்பளம், வண்டி, கைக்கு வராமல் போன வேலைகளுக்குப் போட்ட எஸ்டிமேட், காண்ட்ராக்டர் தனக்கு எடுக்கும் சம்பளம் எல்லாம் ஆபீஸ் செலவு. அவர் சம்பளம் லாபம் ஆகாது. அதையும் கழித்த பிறகு, எடுத்த ரிஸ்க்குக்கு நிற்பதுதான் லாபம். வருஷ ஆபீஸ் செலவு 18 லட்சம், அந்த வருஷம் செய்யும் வேலைகளின் நேரடிச் செலவு 1.2 கோடி என்றால் மேல்செலவுக்கு, அதாவது இந்த ஆபீஸ் செலவுக்கு மட்டும் 15 சதவீதம் வேண்டும். வேலை 90 லட்சமாகக் குறைந்தால் அதே 18 லட்சம் 20 சதவீதமாகிவிடும். ஊரே 15 போடுகிறதென்று தானும் போடுகிறவர் அந்த வருஷம் லாபத்திலிருந்துதான் வாடகை கட்டுவார்.

இன்னொரு குழப்பம், சதவீதம் அடக்கத்தின் (வேலைக்கு ஆகும் நேரடிச் செலவின்) மேலா, பில்லின் மேலா என்பது. 10 லட்சம் அடக்கத்தில் 20 சதவீதம் கூட்டினால் பில் 12 லட்சம். ஆனால் அந்த 2 லட்சம் பில்லில் 16.67 சதவீதம்தான். பில்லில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் அடக்கத்தில் 25 சதவீதம் ஏற்ற வேண்டும், அதாவது பில் 12.5 லட்சம். அதேபோல மேல்செலவு 10, லாபம் 10 என்பதைக் கூட்டிப் போட்டால் 20. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் 21.

இனி, ஒப்பந்தம் போடும் மூன்று முறைகள். முதலாவது, அடக்கம் + சதவீதம். பழைய சுவரை உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும் என்கிற மாதிரி வேலைக்கு இது பொருந்தும். பில் எல்லாம் வெளிப்படை. ஆனால் செலவு ஏற ஏறக் காண்ட்ராக்டர் பங்கும் ஏறும். டைல்ஸ் 2 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கு மாறினால், ஒட்டும் கூலியும் மேற்பார்வையும் ஏறக்குறைய அதேதான். 20 சதவீதம் மட்டும் 40 ஆயிரத்திலிருந்து 80 ஆயிரமாகும். அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதிகள் இந்த வகை ஒப்பந்தத்தைத் தடை செய்திருப்பதற்குக் காரணமும் இதுதான். இந்த முறையிலேயே போவதாக இருந்தால் உச்சவரம்பு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் தள்ளுபடி யாருக்கு, திருப்பி அனுப்பிய பொருளுக்கு வரவு உண்டா என்பதையும் எழுதுங்கள். முக்கியமாக, நாள்கூலி ரேட்டிலேயே மேல்செலவு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் அதன் மேல் மறுபடி சதவீதம் போடுவது இரட்டை வசூல்.

அடக்கம் + நிலையான கட்டணம். என்னைக் கேட்டால், மராமத்து வேலைக்கு இதுவே நேர்மையான வழி. டைல்ஸ் விலை ஏறினாலும் கட்டணம் அசையாது. இதன் பலவீனம் காலம். வீட்டுக்காரர் முடிவெடுக்காமல் மூன்று மாதம் இழுத்தால் சூப்பர்வைசர் சம்பளம் காண்ட்ராக்டர் தலையில் விழும். ஆகவே கட்டணம் எத்தனை மாதத்துக்கு, அதற்கு மேல் மாதம் எவ்வளவு, என்ன அளவுக்கு வேலை கூடினால் கட்டணம் மாறும் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

மொத்தத் தொகை, அதாவது முழு வேலைக்கும் முன்கூட்டியே பேசி முடிக்கும் ஒரே விலை. முழு வரைபடமும் பொருள் பட்டியலும் கையில் இருக்கும் புதுக் கட்டடத்துக்கு இது நல்லது. விலையேற்ற ரிஸ்க் காண்ட்ராக்டருடையது என்பதால் உள்ளே சதவீதம் கூடுதலாகவே இருக்கும். முதல் மாற்றம் வரும்வரை அது உங்கள் கவலை இல்லை. வந்ததும் தகராறு அங்கேதான். நாலு பிளக் பாயிண்ட் கூட்டினால் அடக்கம், மேல்செலவு, லாபம் எல்லாம் சேர்த்துக் கேட்பார்; ஓர் அலமாரியை ரத்து செய்தால் வெறும் அடக்கத்தை மட்டும் கழிப்பார். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் என்ன சதவீதம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சப் காண்ட்ராக்டர் தன் அடக்கத்தில் 21 சதவீதம் ஏற்றி, அதன் மேல் மெயின் காண்ட்ராக்டரும் 21 ஏற்றினால், 1 லட்சம் வேலை 1,46,410 ஆகிறது. சப் வேலைக்கு மெயின் காண்ட்ராக்டர் பங்கு 5 சதவீதம் என்று பேசினால் 1,27,050-ல் நிற்கும்.

பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தரும்போது கணக்கு மாறுவதும் பலருக்குப் புரிவதில்லை. பொருள் 6 லட்சம், கூலி 4 லட்சம் என்ற வேலையில் 15 சதவீதம் 1.5 லட்சம். பொருளை எடுத்துவிட்டால் அதே 15 சதவீதம் 60 ஆயிரம்தான். கொள்முதல் வேலை குறைந்தாலும் ஆபீஸ் வாடகையும் மேற்பார்வையும் குறையவில்லை. பழைய தொகை வர வேண்டுமானால் கூலியின் மேல் 37.5 சதவீதம் போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தொகையைப் பேசி முடிப்பதுதான் நியாயம். இறக்கும்போது எண்ணி வாங்குவது யார், உடைந்தால் யார் கணக்கு என்பதையும் அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.