கறை போன கல்லில் திரும்பி வந்த மஞ்சள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், துணி காயப்போடும் பின்பக்கத்தில், மூடி போட்ட மூன்று வாளிகள் எப்போதும் இருக்கும். வருகிறவர்கள் இட்லி மாவு என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது கல். படிகக் கற்களில் ஏறிய இரும்புக் கறையைப் போக்குவதுதான் மூன்று வருடமாக எனக்கு வார இறுதி வேலை. முப்பதுக்கு மேல் கழுவியிருப்பேன். இருபது பளிச்சென்று நிற்கின்றன. நான்கைக் கெடுத்துவிட்டேன். மற்றவை இன்னும் வாளிக்கும் அலமாரிக்கும் நடுவே அலைகின்றன.

கல் வந்த கதை சின்னது. பகாங் மாநிலத்து ரவுப்பில் சித்தப்பாவுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க வடிகால் வெட்டியபோது செம்மண்ணுக்குள் வெள்ளைப் பாறை ஒரு நரம்பு மாதிரி ஓடியது. அதன் பொந்துகளில் சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒவ்வொன்றும் ஆறு பக்கம் பட்டை தீட்டியது போன்ற படிகக் கற்கள். "ஏம்மா, டுரியான் சாப்பிட வரச் சொன்னா கல்லப் பொறுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே" என்றார் சித்தப்பா. அப்புறம் அவரே இரண்டு சாக்கில் கட்டிக் காடியில் ஏற்றிவிட்டார். தங்கம் இருக்கிறதா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை, 1889-லேயே தங்கச் சுரங்கக் கம்பெனி வந்த ஊர் ரவுப், அந்தத் தங்கமும் குவார்ட்ஸ் என்கிற இதே படிகக்கல் நரம்புகளில்தான் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது துரு மட்டும்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ரவுப் வரை போவானேன், புக்கிட் தாபூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டை ஒட்டிய அந்தக் குவார்ட்ஸ் குன்று 14 கிலோமீட்டர் நீளம். 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. அங்கே பார்த்துவிட்டு வரலாம், ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

முதல் வேலை அமிலம் இல்லை, மண். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆனது. களிமண் ஒட்டியிருக்கும்போது அமிலத்தில் போட்டால் அமிலம் மண்ணோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கல்லை ஒரு வாரம் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி ஊறவைத்தால் களிமண் உப்பிச் சுருங்கித் தானாகவே பெயரும். இடுக்கில் இருப்பதற்குச் சாத்தே குச்சியைப் போல ஒரு கருவி கிடையாது. கல்லைக் கீறாது, ஒடிந்தால் இன்னொன்று. காடி கழுவும் தண்ணீர்த் துப்பாக்கி இன்னும் சிறப்பு. அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை என்பதால் இப்போதெல்லாம் தோட்டத்திலேயே அடித்துவிட்டுத்தான் கொண்டுவருகிறேன்.

மண் போன பிறகும் கல் மேல் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு தோல் நிற்கும். அதுதான் இரும்பு ஆக்சைடு. பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் அசையாது.

தீபாவளிக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அந்த ஞாபகத்தில் முதலில் புளிதான் போட்டேன். இரண்டு நாளில் லேசாக வெளுத்தது, அவ்வளவுதான். அடுத்து அம்மா சொன்னது பிலிம்பிக்காய். பெலிம்பிங் என்று கம்போங் வீடுகளில் மரத்தோடு ஒட்டிக் காய்த்துத் தொங்குமே, சம்பாலுக்குப் போடுவது, அதேதான். மலாய்க்காரர்கள் கெரிஸ் கத்தியின் துருவை எடுக்க அதன் சாற்றைப் பயன்படுத்துவார்கள். ஒரு கிலோ காயை அரைத்துப் பிழிந்து இரண்டு கல்லை ஊறவைத்தேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது பூஞ்சணம். ஆனால் கல்லில் பாதிக் கறை போயிருந்தது! காரணம், அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. கடையில் தூளாக விற்பதும் அதே அமிலம்தான். அதனால் அம்மாவின் வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அளவுதான் போதவில்லை.

சரி, தூளையே வாங்கினேன். ஒரு கிலோ ஆக்சாலிக் அமிலம் 20 ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. பார்க்க அச்சு அசல் சீனி மாதிரி இருக்கும். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய அன்றே வேறு டப்பாவில் கொட்டி, சிவப்பு மையால் 'விஷம்' என்று எழுதி, சமையலறைக்கு வெளியே உயரத்தில் பூட்டி வைத்தேன். உள்ளே போனால் உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தை அடைக்கிற பொருள் அது. சிறுநீரக நோயாளிகளை நட்சத்திரப் பழம் சாப்பிடாதே என்று சொல்வதற்கும் ஆக்சலேட் ஒரு காரணம். கையுறை, கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் நான் அந்த டப்பாவைத் திறப்பதில்லை.

என் அளவு, ஒரு லிட்டருக்கு 60 கிராம். தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் என்றால் கால்சியம் ஆக்சலேட் வெள்ளையாகப் படிந்து, ஒரு கறைக்குப் பதில் இன்னொரு கறை ஆகிவிடும். அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் பக்கம் செம்மண்ணில் படிகம் தோண்டுகிறவர்கள் இதே அமிலத்தைச் சூடாக்கித்தான் கழுவுகிறார்கள். நம் ஊரில் அடுப்பே வேண்டாம், இங்கே அடிக்கிற வெக்கையே போதும் என்று நினைத்தேன். கல்லையும் அமிலத்தையும் மூடியுள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, வெயில் நன்றாக விழும் இடத்தில் எட்டு நாள் வைத்தேன். தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாக மாறியது. கல்லோ அப்படியொரு வெள்ளை. இரண்டு நாள் தண்ணீரில் அலசி, வரவேற்பறை அலமாரியில் வரிசையாக அடுக்கி, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா ஸ்படிக மாலை செய்ய முடியுமா என்று கேட்டார்.

நான்கு மாதம் கழித்து அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தால், கற்களின் வெடிப்புகளில் எலுமிச்சை நிறத்தில் மஞ்சள். துரு இல்லை, வேறு மஞ்சள். பழைய துருவாவது மண் நிறத்தில் இயற்கையாக இருந்தது. இது சாயம் போட்டது போல இருந்தது. கறை திரும்ப வருகிறது என்று நினைத்து மறுபடி அமிலத்தில் போட்டேன். இன்னும் கூடியது.

எங்கே பிசகினேன் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்துப் புரிந்துகொண்டேன். ஆக்சாலிக் அமிலம் துருவைக் கரைக்கும்போது உண்டாகும் இரும்புக் கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் அதிலுள்ள இரும்பு உருமாறி, தண்ணீரில் கரையாத மஞ்சள் தூளாகப் படிந்துவிடும். ஃபெரஸ் ஆக்சலேட் என்று பெயர். சூட்டுக்காக வெயிலில் வைத்தேன் அல்லவா? நானே அந்த மஞ்சளை எட்டு நாள் கல்லின் வெடிப்புகளுக்குள் ஊட்டியிருக்கிறேன். உடனே கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. வெடிப்பில் தண்ணீர் நிற்கும்வரை எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். உள்ளே முழுக்கக் காய்ந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆழமான வெடிப்பு காய மாதக்கணக்கில் ஆகிறது.

இதற்கு மருந்து தேடியபோதுதான் வாலர் கரைசல் அறிமுகமானது. கனடா நாட்டு இயற்கை அருங்காட்சியகத்தில் இருந்த ராபர்ட் வாலர் 1980-ல் எழுதிய முறை. அதற்கும் முன்னால், 1960-லேயே, களிமண்ணிலிருந்து இரும்பைப் பிரிக்க மண் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதே கலவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் போடுவது ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் சிட்ரேட் 70 கிராம், சமையல் சோடா 8 கிராம், கடைசியாகச் சோடியம் டைதயோனைட் 20 கிராம். டைதயோனைட் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழகிய பொருள். திருப்பூர்ப் பக்கம் ஹைட்ரோஸ் என்பார்கள். அது துருவிலுள்ள இரும்பைக் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றும், சிட்ரேட் அந்த இரும்பைத் திரும்பப் படியவிடாமல் பிடித்துக்கொள்ளும், சோடா அமிலத்தன்மை ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

வேலை செய்வதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆரஞ்சுத் தோல் சில மணி நேரத்தில் கலைந்து போகிறது. ஆனால் நாற்றம்! ஒரு பெட்டித் தீக்குச்சியை மொத்தமாகக் கொளுத்தியது போல மூக்கைத் துளைக்கும். அது கந்தக டை ஆக்சைடு. இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். நான் கதவு சன்னலைத் திறந்து வைத்துக் கலந்ததும், பக்கெட்டை இறுக மூடுகிறேன். காற்றுப் பட்டால் சக்தியும் போய்விடும். ஒரு நாளைக்கு மேல் அந்தக் கரைசலை நம்புவதில்லை. புதிதாகக் கலந்துதான் அடுத்த சுற்று.

இதில் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல், வாங்கியதில். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய அரைக் கிலோ, மெல்லிய பிளாஸ்டிக் பையில் வந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் பாதி கட்டிதட்டிப்போயிருந்தது. டைதயோனைட் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. பையைத் தொட்டபோது வெதுவெதுவென்று இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதை வெட்டவெளியில் பெரிய பேசின் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துத் தொலைத்தேன். இப்போது இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வந்தால்தான் வாங்குகிறேன்.

மஞ்சள் போனதா? மேலே இருந்தது போய்விட்டது. வெடிப்பின் வாயில் இருந்ததும் மூன்று சுற்றில் கரைந்தது. ஆழத்தில் இருப்பது இன்னும் இருக்கிறது. அப்படி மஞ்சள் நின்றுவிட்ட ஐந்து கல்லையும் நான் விளக்கு வெளிச்சத்தில் காட்டுவதில்லை.

இப்போது என் பழக்கம் தலைகீழ். லேசான துருவுக்கு வாலர் கரைசல் மட்டும். தடித்த, பழைய கறைக்குத்தான் ஆக்சாலிக். அதுவும் கறுப்பு வாளியில், மூடி போட்டு, வெளிச்சமே படாத அலமாரிக்கு அடியில். தண்ணீர் மஞ்சளானால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். அலசுவதற்குத்தான் அதிக நாள். அமிலத்தில் பத்து நாள் இருந்தால் தண்ணீரில் இருபது நாள், தினமும் மாற்றி. சில நாள் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா. கடைசி இரண்டு நாள் பேட்டரித் தண்ணீர். சோம்பலாக இருக்கும், ஆனால் அப்படி அலசிய கற்களில் இதுவரை எதுவும் மஞ்சளாகவில்லை. அவற்றில் மூத்ததற்கு வயது இரண்டு.

கெடுத்த நான்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை அவசரப்பட்டு, கழித்துக் கட்டிய பழைய மண்பானை மின்குக்கரில் ஆக்சாலிக்கைச் சூடாக்கினேன் (அந்தக் குக்கரில் இனி சாகும்வரை சமையல் கிடையாது). சூடாக இருந்த கல்லை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன். 'டிக்' என்று ஒரே சத்தம். இருந்ததிலேயே நல்ல கல், நடுவில் கோடு விழுந்தது. மற்ற மூன்றின் அடியில் கால்சைட் ஒட்டியிருந்தது. குவார்ட்ஸை ஆக்சாலிக் ஒன்றும் செய்யாது, கால்சைட்டை அரித்து வெள்ளைப் பொருக்காக்கிவிடும். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்திருந்தால் நுரைத்து எச்சரித்திருக்கும். இப்போது எந்தக் கல்லுக்கும் முதலில் வினிகர் சொட்டுதான்.

இன்னொன்று, ரவுப் வட்டாரக் கல் என்பதால் மட்டும் சொல்கிறேன். தங்கம் கிடைக்கும் அந்தப் பாறைகளில் வெள்ளி போல மின்னும் ஆர்செனோபைரைட் இருக்கும். பெயரிலேயே ஆர்செனிக் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசனை வரும். அப்படி மின்னுவது ஒட்டிய கல்லை நான் அமிலத்தில் போடுவதும் இல்லை, உலரத் தேய்ப்பதும் இல்லை. காடி ரிம் கழுவும் மருந்தைப் போட்டால் ஐந்தே நிமிடம் என்று வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை நீட்டினார். சிட்டையைப் படித்தேன், அமோனியம் பைஃப்ளூரைடு. குவார்ட்ஸையே அரிக்கிற ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைத் தரும் சரக்கு, தோல் வழியாக இறங்கி எலும்புவரை போகும். திரும்பக் கொடுத்துவிடச் சொன்னேன்.

கழிவு ஆக்சாலிக்கை அப்படியே சாக்கடையில் ஊற்றுவதில்லை. வெற்றிலைக் கடையில் விற்கும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தப் படிவு கால்சியம் ஆக்சலேட், அதாவது பலருக்குச் சிறுநீரகத்தில் வரும் கல். தெளிந்த நீரை நிறையத் தண்ணீரோடு விட்டு, படிவைக் காயவைத்துக் கட்டிக் குப்பையில் போடுகிறேன். சமையல் சோடா போட்டால் புளிப்புத்தான் அடங்கும், ஆக்சலேட் விஷமாகவே கரைந்து நிற்கும்.

எல்லாக் கறையும் போகாது. சில கற்களில் இரும்பு மேலே இல்லை. கல் வளரும்போதே உள்ளே அகப்பட்டுக்கொண்டது. எந்த மருந்தும் அங்கே எட்டாது. தெரியாமல் ஒன்றை இரண்டு மாதம் ஊறவைத்தேன். வெளித்தோல் போன பிறகு பார்த்தால், உள்ளே ஒரு படிகத்துக்குள் இன்னொரு படிகத்தின் வடிவம், குங்குமக் கோடு போட்டது போலச் சிவப்பாக. வந்த முப்பதுச் சொச்சத்தில் சித்தப்பா கேட்டு வாங்கிப் போனது அது ஒன்றைத்தான். தோட்ட வீட்டில் சாமி மேடையில் வைத்திருக்கிறார்.

வாளியில் இப்போது நான்கு கல். தண்ணீரில் பதினேழாம் நாள்.