அடுத்த வருடப் பெரிய படங்கள்: நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?

பொங்கல், கோடை, தீபாவளி என்று அடுத்த வருடமும் படங்கள் வரிசை கட்டும். முதல் நாள் எங்கே பார்ப்பது என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டப் பையன்கள் இப்போதே குழம்புகிறார்கள்.

நேரம்: 2023-க்குப் பிறகு தமிழ்நாட்டில் முதல் காட்சி பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் பெரிய நடிகர் படமென்றால் விடியுமுன்பே தொடங்கிவிடும். நாம் பல் தேய்ப்பதற்குள் இடைவேளைத் திருப்பம் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். அந்த எரிச்சலில்தான் பலரும் எல்லை தாண்டுகிறார்கள்.

செலவு: நாகர்கோவிலில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பெட்ரோல் தனி.

அலைச்சல்: அங்கே போக நள்ளிரவுக்குப் பிறகே பைக்கை எடுக்க வேண்டும். இங்கே குளித்து, சாப்பிட்டுப் போகலாம்.

கேரள எல்லைப் பக்கமான களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து இளவட்டங்களுக்குத் திருவனந்தபுரம் சரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கும் நாகர்கோவிலே போதும். படம் பார்க்கும்வரை வாட்ஸ்அப்பை மட்டும் திறக்காதீர்கள்.