ஐபெட்ஸ்: அமெரிக்கக் கல்லூரிகளின் கணக்கைத் திறந்துகாட்டும் தரவுத்தளம்

அமெரிக்க உயர்கல்வியை ஆராய்வோர் முதலில் நாட வேண்டிய இடம், அந்நாட்டுக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 1986 முதல் நடத்திவரும் ஐபெட்ஸ் தரவுத்தளம் என்பதே என் கருத்து. கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர் சேர்க்கை, பணியாளர், வரவு செலவு ஆகியவற்றை ஆண்டுதோறும் இங்கே தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தரவுகளை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். பொதுப் பணத்தைப் பெறும் நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டும் இந்த ஏற்பாடு மிகவும் மதிக்கத்தக்கது.

நிதிப் பகுதியை மட்டும் நிதானமாகக் கையாள வேண்டும். அரசுக் கல்லூரிகள் ஒரு கணக்கியல் நெறியையும் தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் வேறொரு நெறியையும் பின்பற்றுவதால், இரண்டின் செலவுகளையும் ஒரே அட்டவணையில் அப்படியே அடுக்கி ஒப்பிட்டால் முடிவு பிழையாகிவிடும். இதை அறியாமல் தொடங்கி, நான் பல நாள் உழைப்பை இழந்தேன்.

ஆசிரியர் பகுதியில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. முழுநேர ஆசிரியர்களின் சம்பளம் பதவிவாரியாகவும் பால்வாரியாகவும் கிடைக்கிறது. ஆனால் பகுதிநேர ஆசிரியர்களின் எண்ணிக்கை இருக்கிறதே தவிர, அவர்கள் பெறும் ஊதியம் இல்லை. குறைந்த வருவாயில் வகுப்பறைகளைத் தாங்கும் அவர்களைப் பற்றி ஆராய்பவர் வேறு ஆய்வுகளைத் தேடித்தான் செல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோருக்கு, இதே தரவை எளிமையாகக் காட்டும் காலேஜ் நேவிகேட்டர் தளம் போதுமானது.