‘ரேஸுக்கு ரெடி’ என்று நம்பி வாங்கிய கார்: கேஜைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கார் ரேஸில் இறங்க ஆசைப்பட்டு, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்குள் ஒரு பழைய ரேஸ் கார் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு வருடம் சேர்த்த பணத்தை ஒரே நாளில் கொடுத்தேன். முதல் போட்டியில் காரை ட்ராக்கில் இறக்கவே முடியாமல் திரும்பி வந்தேன். பணம் போனது வலிக்கிறது. ஆனால் அந்தக் காரில் அன்று என்னை ஓட்ட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “நீயே காரைக் கட்டாதே, யாராவது கட்டி ஓட்டிய காரை வாங்கு.” இது நல்ல அறிவுரை, இன்றும் அதைத்தான் நானும் சொல்வேன். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு), பக்கெட் சீட், ஹார்னஸ் (ரேஸுக்கான சீட் பெல்ட்), கில் ஸ்விட்ச் (ஆபத்தில் காரின் மின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்துவது), தீயணைப்பான் என்று முதல் சொந்தக்காரர் கொட்டிய காசு, விற்கும்போது அவருக்கு முழுதாகத் திரும்பி வராது. வாங்குகிறவருக்கு அது லாபம். என்னை ஏமாற்றியவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விளம்பரத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக். “ரேஸுக்கு ரெடி. போன சீசன் ஓடிய வண்டி. எடுத்துக்கொண்டு நேராக ட்ராக்குக்குப் போகலாம்.” கதவில் எண் ஒட்டி, வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து போகும் படங்கள் வேறு. நேரில் போனேன். கேஜ் பளபளவென்று பெயின்ட் அடித்து, கறுப்பு நுரை சுற்றி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. லாக் புக் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எங்கேயோ வெச்சிருக்கேன் தம்பி, தேடி எடுத்து கொரியர்ல அனுப்பிடறேன். வண்டிய முதல்ல எடுத்துக்குங்க, இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“ஸ்க்ரூட்டினியில, அதான் போட்டிக்கு முன்னாடி கார பரிசோதிப்பாங்களே, அதுல ஒண்ணும் பிரச்சினை வராதே அண்ணே?”

“ஓடின வண்டி தம்பி இது. என்ன பிரச்சினை வரும்?”

சரி என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். லாக் புக் இன்று வரை வரவில்லை.

லாக் புக் என்பது ஏதோ ஒரு காகிதம் என்று அப்போது நினைத்திருந்தேன். ரேஸ் காரைப் பொறுத்தவரை அதுதான் ஜாதகம். அமெச்சூர் ரேஸ் நடத்தும் பல அமைப்புகள் ஒவ்வொரு காருக்கும் ஒன்று கொடுக்கின்றன. எந்தப் போட்டியில் யார் பரிசோதித்தார்கள், என்ன குறை சொன்னார்கள், எங்கே மோதியது, சரிசெய்த பிறகு பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் கையெழுத்தோடு ஏறும். “போன சீசன் ஓடியது” என்பது உண்மையானால், அதற்கான வரி அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

போட்டி நாள் காலை. பரிசோதகர் வயதானவர், அதிகம் பேசாதவர். முதலில் கேஜ் குழாயில் சுவரின் கனத்தைப் பார்க்கத் துளை போட்டிருக்கிறதா என்று தேடினார். சில அமைப்புகளின் விதியிலேயே அந்தத் துளை கட்டாயம். இதில் இல்லை. அல்ட்ராசானிக் கருவியை எடுத்து வைத்தார். 1.6 மி.மீ. காட்டியது. இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார், அதே எண்தான்.

உலக அளவில் கார் ரேஸுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிகளில் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்குக் கேட்பது 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. கனம். அதுவும் தையல் (நீளவாக்கில் வெல்டு செய்து ஒட்டிய கோடு) இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். போட்டிக்குப் போட்டி விதி கொஞ்சம் மாறும், ஆனால் என் காரில் இருந்தது அன்றைய போட்டியின் விதிக்குள் வரவில்லை. பின்னால் அந்தக் கேஜை அறுத்தபோது ஒரு துண்டின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் தையல் மேடு தட்டுப்பட்டது. கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போடுகிற சாதாரண பைப்.

அதோடு முடியவில்லை. அவர் டார்ச்சை அடித்துத் தரைவிரிப்பை விலக்கினார். கேஜின் கால் நேராகத் தரைத் தகட்டிலேயே வெல்டு செய்யப்பட்டிருந்தது. கார் தரை மெல்லிய தகடு. உருண்டால் காரின் மொத்த எடையும் அந்தக் கால் வழியாகத்தான் இறங்கும். அதனால்தான் அடியில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு வைக்கச் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும், கூரை தலைக்கு வரும்.

அடுத்து அவர் செய்ததை எல்லோரும் செய்து பாருங்கள், இதற்குக் கருவியே வேண்டாம். கைப்பேசியின் கேமராவைக் கூரைக்கும் குழாய்க்கும் இடையில் இருக்கும் சந்துக்குள் விட்டுப் படம் எடுத்தார். கீழே இருந்து பார்த்தால் தெரியும் பக்கம் மட்டும் வெல்டு. கூரை பக்கம் வெறும் இடைவெளி, மேலே பெயின்ட். கூரையை ஒட்டி இருக்கும் மூட்டில் வெல்டு முனை போகாது என்பது உண்மைதான். அதற்காக நல்ல வேலைக்காரர்கள் தரையில் துளை போட்டுக் கேஜை கொஞ்சம் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் வெல்டு செய்த பிறகு, மேலே தூக்கித் தகட்டின் மேல் உட்கார வைப்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை. எனக்கு விற்றவர் அந்த நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டுப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்.

நுரையும் போலி. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற மெத்து நுரை. கேஜுக்கென்று செய்த பேடிங் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். இது விரலால் அழுத்தினாலே இரும்பு தட்டுப்பட்டது.

பரிசோதகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “தம்பி, இதுல உங்கள நான் வெளிய விட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.” எனக்குக் கோபம் வரவில்லை, கை நடுங்கியது. நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மீதியையும் பார்த்தேன். ஹார்னஸ் லேபிளில் காலாவதி ஆண்டு தாண்டிப் போயிருந்தது. வெயிலும் வேர்வையும் பட்டு நாடா நைந்து போகும், அதனால்தான் அதற்குக் காலக்கெடு. அதைவிட மோசம், தோள் பட்டைகளைப் பின்பக்கத் தரையில் போல்ட் போட்டிருந்தார்கள். சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பட்டை பின்னோக்கிப் போகும்போது கிடைமட்டத்துக்கு 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக் கூடாது, 10 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்கிறது அதே பிரிவு 253. செங்குத்தாக இறங்கினால் மோதும்போது பட்டை தோளைக் கீழே அமுக்கும், முதுகெலும்பு நசுங்கும். இலவசமாகக் கொடுத்த ஹெல்மெட் மோட்டார் சைக்கிளுக்கானது. ஹெல்மெட்டுகளைச் சோதித்து முத்திரை கொடுக்கும் ஸ்நெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை பெற்ற கார் ரேஸ் ஹெல்மெட்டுகளுக்குத் தீப்பற்றும் சோதனை உண்டு, மோட்டார் சைக்கிளுக்கான எம் முத்திரைக்கு அது கிடையாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் தயாரித்த ஆண்டு, அந்த டயர்களுக்கு எட்டு வயது. பிரேக் ஆயில் தேநீர் நிறம். டாட் 4 என்ற தரத்தில் உள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ரேஸில் பிரேக் அடையும் சூட்டுக்கு 155 போதவே போதாது.

போன் செய்தேன். “போன சீசன்ல யாரும் ஒண்ணும் சொல்லலையே தம்பி” என்றார். எந்தப் போட்டி அண்ணே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக வந்தது: அவர் ஓட்டியது ட்ராக் டே. அதாவது பணம் கட்டி யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். அங்கே பெரும்பாலும் ஹெல்மெட், டயர், எண்ணெய் ஒழுக்கு இவற்றோடு பரிசோதனை முடிந்துவிடும், கேஜை யாரும் அளக்க மாட்டார்கள். படங்கள் எல்லாம் அந்த நாளில் எடுத்தவை. “ட்ராக்கில் ஓடிய கார்” வேறு, “போட்டியில் ஓடிய கார்” வேறு. தயவுசெய்து இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், நான் விழுந்த பள்ளம் இதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க பார்த்துத்தானே வாங்குனீங்க” என்றார். ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். தகடு வைத்து வெல்டு செய்து தருகிறேன் என்றார். அந்தக் கையால் இன்னொரு வெல்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேஜை அறுத்து, தரையைச் சரிசெய்து, புதிதாகக் கட்ட விலை கேட்டபோது, முறையான லாக் புக்கோடு வேறு ஒரு காரையே வாங்கியிருக்கலாம் என்று புரிந்தது.

அதனால் கார் பார்க்கப் போனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே லாக் புக்கைக் கேளுங்கள். “அனுப்புகிறேன்” என்றால் வந்த பிறகு பேசலாம் என்று திரும்பிவிடுங்கள். நீங்கள் ஓட நினைக்கும் போட்டியின் விதிப்புத்தகத்தில் கேஜ் பற்றிய பக்கங்களைக் கையோடு கொண்டு போங்கள். பல இடங்களில் பரிசோதகர்களே, கேட்டால், வாங்குவதற்கு முன் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. “இந்தப் போட்டியின் ஸ்க்ரூட்டினியில் கேஜ் தேறவில்லை என்றால் பணம் திரும்ப” என்று எழுதிக் கேளுங்கள். நேர்மையாகக் கட்டியவர் தயங்க மாட்டார்.

பணம் குறைவு என்பதால் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ மலிவான கார்களுக்கென்றே நடக்கும் போட்டி. காருக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அங்கேகூட கேஜ், சீட், ஹார்னஸ், பிரேக் ஆகியவற்றின் செலவை அந்த வரம்பில் சேர்ப்பதில்லை.

நான் இப்போது தினசரி ஓட்டும் காரிலேயே, கூம்புகளை வைத்து ஒவ்வொருவராக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோக்ராஸில் ஓடுகிறேன். நல்ல ஹெல்மெட் ஒன்று மட்டும் புதிதாக வாங்கினேன். ரேஸ் காருக்குத் திரும்பவும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அதே ஆள் இன்னொரு கார் விளம்பரம் போட்டிருந்தார். அதே “ரேஸுக்கு ரெடி”, கேஜைச் சுற்றி அதே கறுப்பு நுரை. வாங்க நினைக்கும் ஆள் போல, லாக் புக்கின் படமும் கேஜ் கால்களின் படமும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். செய்தியைப் பார்த்துவிட்டார், பதில் இல்லை. விளம்பரம் இன்னும் இருக்கிறது.