கோல குபு பாரு கயாக் வகுப்பு: இடம் பார்த்து இறக்கினார்கள்

போன சனிக்கிழமை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரைக் கயாக் (சிறிய துடுப்புப் படகு) வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிலாங்கூர் ஆறு என்றதும் ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) போகிற வேகமான பகுதியில்தான் இறக்குவார்களோ என்று பயம், ஆனால் பயிற்சியாளர் தண்ணீர் மெதுவாக ஓடும், மணல் கரையுள்ள, விழுந்த மரம் எதுவும் கிடக்காத இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். புதியவர்களுக்கு கிரேடு 1, அதாவது ஆற்று வேகத்தில் ஆகச் சுலபமான நிலை, போதுமாம், கவிழ்ந்தால் கரையேற இடம் இருக்க வேண்டும். மரம்தான் பெரிய ஆபத்து: தண்ணீர் கிளைக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். மலைப்பக்கம் இடி கேட்டதும், எங்களுக்கு வெயில் அடிக்கும்போதே எல்லாரையும் கரையேற்றிவிட்டார். கெப்பாலா ஆயர் (மலையில் பெய்த மழையால் ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம்) சொல்லிவிட்டா வரும்? சிறுவர் அளவு லைஃப் ஜாக்கெட் மட்டும் பற்றவில்லை, இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அடுத்த மாதமும் கூட்டிப்போகிறேன்.