கிளாஸ் கணக்கில் ஒயின் வாங்குகிறீர்களா? எத்தனை மில்லி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

உணவகத்தில் முழு பாட்டில் வாங்காமல் கிளாஸ் கணக்கில் ஒயின் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெனுவில் 150 மில்லி என்று அச்சடித்துவிட்டு, அதில் முக்கால் பங்குகூட ஊற்றாமல் முழுக் காசையும் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. போன வாரம் அப்படி ஓர் இடத்தில் நானும் என் மனைவியும் அவள் தம்பியும் மாட்டினோம்.

மூன்று பேருக்கும் ஒரே ரெட் ஒயின்தான் சொன்னோம். பாட்டிலை மேஜைக்குக் கொண்டுவரவில்லை. பார் கவுண்டரிலேயே ஊற்றித் தட்டில் வைத்து எடுத்து வந்தார்கள். இரண்டு கைகளால் பிடிக்கிற அளவுக்கு அகலமான பெரிய கிளாஸ். அடியில் ஒயின் தேங்கி நின்றது. மச்சான் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இது டேஸ்ட் பார்க்கக் கொடுத்ததா, இல்ல இதுதான் ஆர்டரா?” என்று கேட்டான்.

வெயிட்டரைக் கூப்பிட்டேன். “கிளாஸ் பெருசு சார், அதான் கம்மியாத் தெரியுது. ரெட் ஒயினை இவ்வளவுதான் ஊத்தணும். மேல காலியா இருந்தாத்தான் வாசனை வரும்” என்றார்.

இந்தப் பதிலைத்தான் நீங்களும் கேட்பீர்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒயின் கிளாஸை விளிம்புவரை நிரப்பக்கூடாது என்பது சரி. கிளாஸின் வயிறு எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த மட்டத்தைத் தாண்டாமல் ஊற்றினால்தான் சுழற்ற இடம் இருக்கும், மணம் மேலே தங்கும். ஆனால் அந்தப் பெரிய கிளாஸ்களின் கொள்ளளவே 450, 600 மில்லி இருக்கும். 150 மில்லி ஊற்றினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் நிரம்பும். வாசனைக்கு வேண்டிய இடம் தாராளமாக மிச்சம் இருக்கிறது. சொன்ன அளவை ஊற்றாததற்கு வாசனை ஒரு காரணமே இல்லை.

கிளாஸ்கள் இப்படிப் பெருத்துப்போனது பழைய கதையும் இல்லை. இங்கிலாந்தின் ஒயின் கிளாஸ்களை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். 1700-களில் சராசரியாக 66 மில்லி பிடித்த கிளாஸ், 2016–17-இல் 449 மில்லிக்கு வந்திருந்தது. கடைசி இருபது முப்பது ஆண்டுகளில்தான் வேகமான வளர்ச்சி. இவ்வளவு பெரிய பாத்திரத்தில் எது 150, எது 110 என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாஸின் வயிற்றுப் பகுதி 9 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். அந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 64 மில்லி ஒயின் பிடிக்கும். அப்படியானால் 40 மில்லியைக் குறைத்தால் மட்டம் எவ்வளவு இறங்கும்? ஆறு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு நீள அரிசி மணியின் நீளம், அவ்வளவுதான். கண்ணில் மண்ணைத் தூவ அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நான் விடவில்லை. “தம்பி, பார்ல பெக் அளக்குற மெஷர் இருக்கும்ல, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க” என்றேன். அவர் போய் மேனேஜரை அழைத்து வந்தார். கொஞ்ச நேர இழுபறிக்குப் பிறகு மெஷரும் வந்தது. நான் இன்னும் வாய் வைக்காத கிளாஸிலிருந்து மேஜையிலேயே அளந்தோம். 110 மில்லியைத் தொட்டதும் கிளாஸ் காலி. மனைவியின் கிளாஸும் அவ்வளவுதான்.

கைதவறி நடந்தது என்றால் ஒரு கிளாஸில் குறையும், இன்னொன்றில் கூடும். எல்லாக் கிளாஸிலும் ஒரே மாதிரி குறைந்தால் அது கைத்தவறு இல்லை, அந்த இடத்து வழக்கம். ஊற்றுகிற பையனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் தனக்கு மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்கிறார். லாபம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பாட்டில் 750 மில்லி. 150 வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ். 110 வீதம் ஊற்றினால் ஏறக்குறைய ஏழு. ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு கிளாஸ் காசு நம் பாக்கெட்டிலிருந்து சும்மா போகிறது.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. “உங்க டேபிளுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்து ஊத்தச் சொல்றேன் சார்” என்றார், ஏதோ சலுகை தருவதுபோல. எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். நான் காசு கொடுத்து வாங்கியதை எனக்கே தானமாகக் கொடுக்கிறார்! பக்கத்து மேஜைகளில் அதே ஒயினை அதே அளவில் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பில்லில் ஒரு காசு குறைக்கவில்லை. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்து வந்தது.

இதை ஒழுங்காக வைத்திருக்கும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் நுரைக்காத சாதாரண ஒயினைக் கிளாஸ் கணக்கில் 125 மில்லி, 175 மில்லி, அல்லது அவற்றின் மடங்குகளில்தான் விற்க வேண்டும் என்பது சட்டம்; 75 மில்லிக்குக் குறைவாகக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. ஜெர்மனியில் உணவகக் கிளாஸின் மீதே 0.1 லிட்டர், 0.2 லிட்டர் என்று கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். எல்லா ஊர் கிளாஸிலும் அந்த ஒரு கோடு இருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

கோடு இல்லாத இடத்தில் நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே “ஒரு கிளாஸ்னா எத்தனை மில்லி?” என்று கேளுங்கள். மெனுவில் அளவே போடாமல் வெறுமனே ‘கிளாஸ்’ என்று இருந்தால் இன்னும் கட்டாயமாகக் கேளுங்கள். “கணக்கா இருக்கும் சார்” என்பது பதில் ஆகாது. எண் வர வேண்டும். பாட்டிலை மேஜைக்குக் கொண்டுவந்து, மெஷரில் அளந்து, நம் கண்முன் ஊற்றச் சொல்லலாம். நாணயமான இடத்தில் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள். சில இடங்களில் அளவு குறித்த சின்னக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து, அதிலிருந்து கிளாஸுக்கு மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் இருப்பதிலேயே நல்ல முறை. அப்படி ஓர் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

நுரைக்கும் ஒயின் என்றால் நுரை அடங்கும்வரை காத்திருந்து மட்டத்தைப் பாருங்கள்.

மூன்று நாலு பேர் ஒரே ஒயினைக் குடிக்கப்போகிறீர்கள் என்றால் கிளாஸ் கணக்கே வேண்டாம், பாட்டிலாக வாங்கிவிடுங்கள். ஆனால் அங்கேயும் ஒரு வேலை நடக்கும். கிளாஸ் கணக்கில் கஞ்சத்தனம் காட்டிய அதே கை, பாட்டில் வாங்கியதும் தாராளமாக ஊற்ற ஆரம்பித்துவிடும்; சீக்கிரம் தீர்ந்தால் இரண்டாவது பாட்டில் விற்குமே! பாட்டிலை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, “நாங்களே ஊத்திக்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள்.

குறைவாக வந்தால் வாய் வைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பாதி குடித்த பிறகு நிரூபிக்க வழியில்லை. அளவு போட்டிருக்கும் மெனுப் பக்கம், வந்த கிளாஸ், பில் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை, அளவுகளைக் கண்காணிக்கும் துறையிடம் புகார் கொடுக்க அவைதான் கை கொடுக்கும். நான் எடுத்த படங்களை வைத்துப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.